தூண்டிலும் வலையும்

மீன் பிடிப்போர் இரு வகையினர் என்று சட்டப் புத்தகங்கள் கூறுகின்றன. ஒருவர் விற்பதற்காகப் பிடிப்பவர். மற்றவர் பொழுதுபோக்கிற்காகப் பிடிப்பவர். முன்னவருக்கு வலை, பின்னவருக்குத் தூண்டில். நீரில் மீன் அருகிவிட்டதென்று சர்க்கார் கண்டால், இவ்விருவரில் எவர் எவ்வளவு பிடிக்கலாம் என்று அளவு வகுக்கிறது. அளவு வகுத்த மறுநாளே வழக்கும் தொடங்கிவிடுகிறது. "வயிற்றுப் பிழைப்புக்காகப் பிடிக்கும் எனக்கு ஏன் தடை?" என்று வலைஞர் கேட்கிறார். "நான் நாள் முழுதும் காத்திருந்து பிடிப்பது இரண்டு மீன், அவர் ஒரே வீச்சில் அள்ளுவது இருநூறு. எனக்கு ஏன் தடை?" என்று தூண்டிற்காரர் கேட்கிறார். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருப்பதாகவே தோன்றும்.

ஆனால் இவ்விருவரும் அல்லாத மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். மழை விட்ட மாலையில் தோட்டத்துக் கால்வாயில் பறி வைத்து நாலு கெளுத்தி எடுப்பவர். பழைய ஈயச்சுரங்கக் குட்டையில் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட்டு, மலாய்க்காரர் ஹாருவான் என்று அழைக்கும் விராலொன்றைக் கொண்டுவந்து மனைவி கையில் கொடுப்பவர். அவர் விற்பதில்லை, ஆகவே வியாபாரி அல்லர். அவர் விளையாடவும் இல்லை. விரால் அகப்படாவிட்டால் அன்று குழம்பில் மீன் இல்லை. லயங்களில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இவரைத் தெரியும். சட்டத்துக்குத்தான் இவரைத் தெரியவில்லை. செக்ரோல் எழுதிப் பழகிய கிராணிக்கு ஒரு விஷயம் நன்றாக விளங்கும். புத்தகத்தில் எத்தனை பத்திகள் கோடு போட்டிருக்கின்றனவோ, அத்தனை வகை மனிதர்தான் அத்தோட்டத்தில் உண்டு. கோட்டுக்குள் அடங்காதவன் ஏதேனும் ஒரு பத்தியில் தள்ளப்படுவான், அல்லது விடுபட்டுப்போவான். மீன் சட்டத்தின் இவ்விரண்டு பத்திகளும் எக்காலத்தில், எவரால் கோடு போடப்பட்டன என்பதைச் சற்று ஆராய்வோம்.

நமது முன்னோர் கப்பலேறிய சென்னை மாகாணத்திலிருந்தே தொடங்கலாம். தூண்டிலும் வலையும் சட்டத்தின் முன் எதிரெதிரே வந்து நின்ற கதை அங்கே தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

காவிரியின் கிளையாகிய கொள்ளிடத்தில் 1830களில் அணை கட்டியவர் ஆர்தர் காட்டன். தஞ்சை ஜில்லாவின் நெல் விளைச்சலுக்கு அவ்வணைகள் செய்த உதவியை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் ஆற்றில் நெல்லுக்குப் போகும் தண்ணீர் மட்டுமா இருந்தது? கடலில் வாழ்ந்து, புது வெள்ளம் இறங்கும் காலத்தில் முட்டையிடுவதற்காக ஆற்றில் எதிரேறும் உல்லம் என்ற மீன் அங்கே கூட்டங்கூட்டமாக வந்துகொண்டிருந்தது. வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடுவதும் இம்மீனுக்காகவே. குறுக்கே சுவர் எழுந்தால் மீன் எப்படி ஏறும்? 1867-ஆம் ஆண்டில் இந்தியா மந்திரிக்குக் கடிதம் எழுதி, ஆற்றணைகளால் மீன்வளம் கெடுகிறதென்று எச்சரித்தவர் வேறெவரும் அல்லர், அதே காட்டன்தான். தான் கட்டிய அணையின் குற்றத்தைத் தானே எடுத்துரைத்த அதிகாரிகள் எத்தனை பேரை நாம் கண்டிருக்கிறோம்?

இதை விசாரிக்க அமர்த்தப்பட்டவர் பிரான்சிஸ் டே. சென்னை இராணுவத்தில் வைத்தியராக வந்து, மீன்களை ஆராய்வதில் பெரும் புலமை பெற்றவர். 1871-இல் இந்தியா முழுமைக்கும் மீன்வள இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். அவர் ஒவ்வொரு ஜில்லாவின் கலெக்டர்களுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்விகள் அனுப்பி, வந்த பதில்களைத் தொகுத்து 1873-இல் நன்னீர் மீன்களைப் பற்றிய பெரிய அறிக்கையொன்றை வெளியிட்டார். பின்னர் அவர் எழுதிய இந்திய மீன்களின் நூல் இன்றும் ஆராய்ச்சியாளர் கையில் இருக்கிறது. அவருடைய புலமையில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் விசாரணை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அணையைப் பற்றிய புகாரில் தொடங்கியது. ஏழையின் வலைக்கண்ணில் வந்து முடிந்தது. அணைகளில் மீன் ஏறுவதற்கு வழிவிட வேண்டும் என்பதையும் டே சொல்லாமலில்லை. எனினும் அவருடைய பேனா ஓய்வின்றிக் குற்றஞ்சாட்டியது, சிறுகண் வலையால் குஞ்சுகளை வாரும் கிராமத்தாரையும், வயல் வாய்க்கால்களில் பறியும் தட்டியும் வைத்து மீனை மறிப்பவரையும், குட்டைகளில் நஞ்சு கலக்கிப் பிடிப்பவரையுமே. அணை சர்க்காருடையது, வாய்தா கட்டும் நிலத்துக்குத் தண்ணீர் தருவது. வலைக்கண்ணோ செம்படவருடையது. இவ்விரண்டில் எதைத் திருத்துவது சுலபம் என்று எந்தச் சர்க்காருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டேயின் காலத்திலேயே இன்னொரு அதிகாரி இவ்விஷயத்தில் பேரார்வம் காட்டினார். ஹென்றி ஸலிவன் தாமஸ் என்பவர் சென்னை சிவில் சர்வீசைச் சேர்ந்தவர்; தென் கன்னட ஜில்லாவில் கலெக்டராக இருந்தவர். அங்குள்ள ஆற்று மீன்களைப் பெருக்குவதைக் குறித்து 1870-இல் ஓர் அறிக்கை அளித்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 'தி ராட் இன் இந்தியா' என்று தூண்டிற் கலையைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். இந்தியாவுக்கு வரும் ஆங்கிலேயர் எந்த ஆற்றில், எந்தப் பருவத்தில், எவ்வகை இரையிட்டு, மாசீர் என்னும் பெருமீனைப் பிடிக்கலாம் என்பதற்கு அதுவே நெடுங்காலம் வழிகாட்டி நூலாக இருந்தது. ஆங்கிலப் பள்ளியில் படித்ததன் பயனாக அவ்வகை நூல்களை நானும் படித்திருக்கிறேன். படிக்க இன்பமானவை என்பதை மறைப்பானேன்? நீரின் ஓட்டத்தையும் மீனின் குணத்தையும் அவ்வளவு பொறுமையுடன் கவனித்தவர்கள் சிலரே. மீன் பெருகினால் ஏழைகளுக்கு மலிவான உணவு கிடைக்கும் என்பதும் தாமஸின் வாதம். அது வெறும் வேஷம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆயினும் சட்டத்துக்கு வேண்டிய அறிக்கையை எழுதிய கையும் தூண்டிலைப் பிடித்த கையும் ஒன்றாக இருந்தன. நீதிபதியே வழக்காளியாகவும் இருந்தால் தீர்ப்பு எப்படி இருக்கும்? இங்கிலாந்தில் சால்மன் மீன் உள்ள ஆறுகளில் நிலப்பிரபுக்களின் தூண்டிலுக்கும் கடைக்கோடி வலைஞரின் வலைக்கும் ஏற்கனவே வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1861-இல் வந்த சால்மன் சட்டம் ஆற்றில் நிலையாக நாட்டிய பொறிகளை ஒடுக்கியது. அவ்வழக்கின் வாசனையையும் சட்டத்தின் சொற்களையும் துரைமார் தங்கள் பெட்டிகளிலே கொண்டுவந்தனர். இங்கே அவர்கள் கண்ட கிராமத்தானுக்கு நிலப்பிரபுவும் தெரியாது, சால்மனும் தெரியாது. அவன் அறிந்ததெல்லாம் ஐப்பசி மழையில் வயலுக்குள் ஏறும் கெண்டையும், அதை மறிக்கும் பறியுமே.

நமது கிராமங்களில் அளவு என்பதே இல்லாமல் இருந்ததா? அப்படியும் சொல்வதற்கில்லை. மதுரை, சிவகங்கைச் சீமைகளில் இன்றும் கோடையில் கண்மாய் வற்றும் தறுவாயில் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. அதுவரை எவரும் கை வைக்காத கண்மாயில், குறித்த நாளில் ஊர்ப் பெரியவர் துணியை வீசிக் காட்டியவுடன், சுற்று வட்டாரத்து மக்கள் ஊத்தாவும் வலையுமாக இறங்குகிறார்கள். கிடைத்தது வீட்டுக் குழம்புக்கு, விற்பது வழக்கமில்லை. ஆண்டு முழுவதும் தடை, ஒரு நாள் அனுமதி, அனைவருக்கும் உரிமை என்ற இவ்விதி எந்தக் கெஜட்டிலும் வந்ததன்று. சில கண்மாய்களில் மீன்பாசிக் குத்தகை என்று ஏலம் விட்டுப் பணக்காரர் கைக்குப் போவதும் உண்டு. சாதியின் பேரால் சிலரைக் கரையில் நிறுத்திய ஊர்களும் இல்லாமலில்லை. பழமை என்பதற்காக அதைப் பாராட்ட முடியாது. ஆனால் "ஜனங்களுக்கு மிதம் தெரியாது, சர்க்கார்தான் கற்பிக்க வேண்டும்" என்ற துரைமாரின் கூற்று முழு உண்மையன்று.

டேயின் யோசனைகள் உடனே சட்டமாகவில்லை. ஏழைகளின் உணவில் கை வைத்தால் கலகம் வருமோ என்ற தயக்கம் கல்கத்தாவில் இருந்தது. நீலகிரியில் மட்டும் அத்தயக்கம் இல்லை. 1879-இல் அம்மலைக்கென்றே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கும் சட்டமொன்று சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. பாதுகாப்பு என்றால் எவரிடமிருந்து எவருக்காக? மலையிலே வேட்டையாடும் சங்கத்தார் துப்பாக்கியும் தூண்டிலும் ஏந்திய துரைமாரே. 1907-இல் அவலாஞ்சியில் வெளிநாட்டு ட்ரவுட் மீனுக்குப் பொரிப்பகம் அமைத்து, ஓடைகளில் அம்மீனை விட்டு, லைசென்சு பெற்றவர் தூண்டிலிட வகை செய்தார்கள். நாட்டு மீனைப் பிடிக்கும் நாட்டானுக்கு வலைக்கண் அளவு. அயல்நாட்டு மீனைப் பிடிக்க வரும் துரைக்குப் பொரிப்பகம்!

கடைசியில் 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீனைக் கொல்வோருக்கு 2 மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம் என்று அது விதித்தது. இவ்விரு தடைகளையும் எவரும் குறை கூறார். வெடியும் நஞ்சும் குஞ்சையும் முட்டையையும் சேர்த்தே அழிப்பவை. குறிப்பிட்ட நீரில் 2 ஆண்டு வரை எல்லா மீன்பிடிப்பையும் நிறுத்தும் அதிகாரமும் அதில் உண்டு. ஆனால் அச்சட்டத்தின் 6-ஆவது பிரிவு, மாகாண சர்க்கார்கள் எவற்றைப் பற்றி விதி செய்யலாம் என்று பெயர் சொல்லி எண்ணுகிறது: நிலையாக நாட்டிய பொறிகள், ஆற்றின் குறுக்கே இடும் தடுப்புகள், வலைகளின் அளவும் வகையும் பயன்படுத்தும் முறையும். அவ்வளவே. தூண்டில் அப்பட்டியலில் இல்லை. முழுத்தடை விதித்தாலன்றித் தூண்டிற்காரருக்கு அச்சட்டத்தால் ஒரு சிறு இடைஞ்சலும் இல்லை. பெரிய பாசன அணைகளுக்கும் இல்லை.

அந்த உல்லத்தின் கதி என்னவாயிற்று? 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. காவிரியில் வெள்ளம் இறங்கும் காலமும் அளவும் மாறின. அதன்பின் காவிரியில் உல்லம் ஏறுவது ஏறக்குறைய நின்றேபோயிற்று. தலைமுறை தலைமுறையாகச் சிறுகண் வலை வீசிய செம்படவரால் செய்ய முடியாத அழிவை ஓர் அணை சில ஆண்டுகளில் செய்து முடித்தது.

சென்னையில் வேறு விதமாக எண்ணிய ஒருவரும் இருந்தார் என்பதைக் கூறாமல் விடலாகாது. சர் பிரெடரிக் நிக்கல்ஸன் 1905 முதல் மாகாணத்தின் மீன்வளத்தை ஆராய்ந்து, மீன்வள இலாகாவை உருவாக்கினார். கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்காக உழைத்த அவர், மீனைப் பற்றிய பேச்சை மீனவரின் கடனிலிருந்து தொடங்கினார். உப்பிடும் களம், கூட்டுறவு, கல்வி என்று அவர் போன வழி, அபராதம் போட்டுத் திருத்தும் வழியினின்றும் மிக வேறானது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1867 ஏப்ரல் 1 வரை சிங்கப்பூர் கல்கத்தாவின் ஆட்சியில் இருந்தது. அன்று தனிக் காலனியாகப் பிரிந்தது. ஆகவே 1897-இன் சட்டம் இங்கே வரவில்லை. இங்கே ஆறு சிறிது, கடல்தான் எல்லாம். கடலுக்குள் நிபோங் மரக் கம்பங்களை வரிசையாக நாட்டி, நீரோட்டத்தோடு வரும் மீனை வேலியோரமாகவே நடத்திக் கூண்டறைக்குள் கொண்டுவந்து, இரவில் விளக்கேற்றி வலையைத் தூக்கும் கேலோங்கைப் பழைய சிங்கப்பூரார் அறிவர். மீனைத் துரத்தாமல், வரும் மீனை மட்டும் பிடிப்பது அது. டேவிட் ஸ்டெட் என்ற ஆஸ்திரேலியர் மலாயாவின் மீன்பிடிப்பை ஆராய்ந்து 1923-இல் அறிக்கை அளித்தபோது, இக்கடலில் மலாய்க்காரரும் சீனரும் கையாண்ட முறைகள் எத்தனையோ இருந்தன.

1930களில் ஜப்பானியர், முக்கியமாக ஓகினாவாத் தீவினர், சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு மீன்பிடிக்கலாயினர். நீரில் மூழ்கும் ஆட்கள் பவளப்பாறைகளிலிருந்து மீனை விரட்டிப் பெருவலைக்குள் செலுத்தும் முரோஅமி என்ற முறை அவர்களுடையது. சந்தைக்கு வந்த புது மீனில் பெரும்பகுதி அவர்கள் பிடித்ததாயிற்று. காலனி சர்க்கார் அவர்களுக்குத் தரும் லைசென்சுகளைக் கட்டுப்படுத்தியது. மீனின்மேல் கொண்ட கவலையைவிட யுத்த பயமே அதற்குப் பெருங்காரணம் என்று கருத இடமுண்டு. 1937-இல் சீன தேசத்தில் யுத்தம் மூண்டதும் இங்குள்ள சீனர் ஜப்பானியர் மீனைப் பகிஷ்கரித்தனர்.

ஆக, இக்கடலில் நடந்த வழக்கு வலைக்கும் வலைக்கும் இடையிலானது. தூண்டிற்காரர் வேடிக்கை பார்த்தவரே. அவ்வழக்கு மலேசியாவில் 1960களில் இழுவைப்படகுகள் பெருகியபோது இரத்தஞ் சிந்தும் அளவுக்குப் போயிற்று. கரையோரத்தில் சிறுவலை வீசியோரின் பிழைப்பை இழுவைமடி அடியோடு வாரிச் சென்றது. 1964-க்கும் 1976-க்கும் இடையே நிகழ்ந்த மோதல்களில் 34 மீனவர் மாண்டனர். 1981-இல் சர்க்கார் கடலை வட்டகைகளாகப் பிரித்து, கரையிலிருந்து 5 கடல்மைல் வரை பழைய முறையில் பிடிப்போருக்கே என்று ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 1983-இல் வந்த சட்டம் 3 கடல்மைலை நாட்டுப் படகுகளுக்கு ஒதுக்கியது. இராமேசுவரத்தில் இதைவிட எளிய ஏற்பாடொன்று உண்டு. வாரத்தில் 3 நாள் இழுவைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு. கணக்கைக் கிலோவில் போடாமல் கிழமையில் போட்டார்கள். கிழமையை எண்ணத் தராசு வேண்டாம். இவ்விதிகள் மீறப்படுவதும் நாம் அறிந்ததே. எனினும் எளியவன் முதலில் என்ற எண்ணமாவது அவற்றில் எழுத்தில் இருக்கிறது.

சிங்கப்பூரின் கேலோங்குகளை எந்த அளவு விதியும் ஒழிக்கவில்லை. 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த இத்தீவின் பரப்பு இன்று 730-க்கு மேல். மிகுந்த நிலமெல்லாம் கடலைத் தூர்த்து எடுத்ததே. கம்பம் நாட்டிய இடம் கரையாயிற்று. பொங்கோல் பக்கத்துக் காங்கார் மீனவர் 1980களில் இடம் மாற்றப்பட்டனர். 1969-இல் ஜூரோங்கில் மீன்பிடித் துறைமுகம் திறந்தபின் தீவுக்கு வேண்டிய மீன் அயல்நாடுகளிலிருந்தே பெரும்பாலும் வருகிறது. இன்று எஞ்சியுள்ள கேலோங்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீடுகளுக்கு நிலம் வேண்டியிருந்தது. அதை நான் மறுக்கவில்லை. மீன் குறைந்ததற்குக் காரணம் கேட்கும்போது வலையைப் பார்ப்பவர்கள், அணையையும் மணலையும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதையே குறிப்பிடுகிறேன்.

தூண்டிலுக்கும் வலைக்கும் நேருக்கு நேர் அளவு வகுக்கும் வழக்கு இப்போது மேல்நாடுகளில் நடக்கிறது. ரேஸ்கோர்ஸ் ரோட்டில் வாழையிலை போட்டு மீன் தலைக்கறி உண்ணும் அன்பர்களுக்கு அவ்வழக்கில் உறவு ஒன்று உண்டு. 1949-இல் எம். ஜே. கோமெஸ் என்னும் மலையாளி இவ்வூரில் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் அக்கறிக்கு உகந்தது இக்கான் மேரா. அதன் இனத்தைச் சேர்ந்த செந்நிற ஸ்நாப்பர் மெக்சிகோ வளைகுடாவில் வாழ்கிறது. அம்மீன் அருகியதால் அமெரிக்க சர்க்கார் 1990-இல் பங்கு பிரித்தது. வியாபாரிக்கு நூற்றுக்கு 51, பொழுதுபோக்காளருக்கு 49. 2007 முதல் வியாபாரத்துக்காகப் பிடிப்போருக்குத் தனித்தனி ஒதுக்கீடு உண்டு. இறக்கும் மீன் நிறுத்துக் கணக்கிடப்படும். பொழுதுபோக்காளரோ ஆயிரம் துறைகளிலிருந்து புறப்படுவோர். அவர்கள் பிடித்ததை விசாரித்து மதிப்பிட வேண்டுமேயொழிய நிறுக்க முடியாது. 2017-இல் சொந்தப் படகுக்காரருக்குக் கூட்டாட்சிக் கடலில் கொடுத்த பருவம் வெறும் 3 நாள். கூக்குரல் எழுந்தவுடன் மேலும் 39 நாள் சேர்த்துக் கொடுத்தார்கள். வியாபார வலைஞர் கூக்குரலிட்டிருந்தால் 39 நாள் கிடைத்திருக்குமா என்பதை வாசகரே யோசிக்கட்டும்.

ஐரோப்பாவில் நேர்மாறு. கடற்கரைகளில் தூண்டிலிடுவோர் விரும்பும் பாஸ் மீனுக்கு 2015-இல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 என்று அளவு வைத்தார்கள். 2018 தொடக்கத்தில் ஒன்றுகூடக் கொண்டுபோகக் கூடாது, பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்றார்கள். அதே சமயம் வேறு மீனுக்கு வைத்த வலையில் அகப்படும் பாஸை ஓரளவு விற்கலாம் என்று வலைக்காரருக்கு அனுமதி இருந்தது. ஒரே மீனை மாலைக் குழம்புக்கு எடுத்துப்போகும் கிழவருக்குத் தடை, வலைக்காரருக்கு விலக்கு என்றால் தூண்டிற்காரர் சினங்கொள்வது இயல்பே. ஆகவே தூண்டில் என்றால் துரை, வலை என்றால் ஏழை என்று நாமும் கண்ணை மூடிக்கொண்டு பத்தி பிரித்துவிடக் கூடாது.

அப்படிப் பிரித்ததால் நம்மவரே நசுங்கிய இடம் ஒன்று உண்டு. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளுடன் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. ஒப்பந்தம் முடிந்த தமிழரிலும் தெலுங்கரிலும் ஒரு பகுதியினர் டர்பன் குடாவில் மீன்பிடித்துப் பிழைத்தனர். அவர்களுடைய வழிவந்தோரில் பலர் இன்றும் துறைமுகக் கரைகளில் தூண்டிலிடுகிறார்கள். வேலையற்றவரும் முதியோரும் அவர்களில் உண்டு. கிடைத்ததில் வீட்டுக்குப் போக எஞ்சிய இரண்டொன்றை அண்டை அயலாருக்கு விற்று அரிசி வாங்குவார்கள். சட்டம் இவர்களிடம் நீட்டியது பொழுதுபோக்காளரின் அனுமதிச் சீட்டு. அச்சீட்டில் பிடித்ததை விற்பது குற்றம். பசிக்காகப் பிடிப்பவன் விளையாட்டுக்காரன் ஆனான். எஞ்சிய மீனை விற்றால் குற்றவாளியும் ஆனான். 2004-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசத் துறைமுகப் பாதுகாப்பு விதியைக் காட்டி, அவர்கள் வழக்கமாக நின்ற இடங்கள் பலவும் அடைக்கப்பட்டன.

விந்தை என்னவெனில், அந்நாட்டின் 1998-ஆம் ஆண்டுக் கடல்வளச் சட்டத்திலேயே மூன்றாவது பத்தி இருந்தது. தன் உணவுக்காகவும் தன்னைச் சார்ந்தோர் உணவுக்காகவும் பிடித்து, மிஞ்சியதை அவ்வப்போது அக்கம்பக்கத்தில் விற்கும் ஒருவரை அது தனியாக வரையறுத்திருந்தது. பெயர் சட்டத்தில் இருந்தது. சீட்டு டர்பன்காரர் கைக்கு வரவில்லை. பத்தி இருந்தும் கிராணி அதில் பெயர் எழுதாவிட்டால் சம்பளம் ஏது?

இவ்வரிசையை நேராக எழுதிய இடம், நாமறிந்தவரை, அலாஸ்கா. அங்கே 1978-இல் மாநிலச் சட்டமும் 1980-இல் கூட்டாட்சிச் சட்டமும், உணவுக்காகப் பிடிப்போருக்கு முதலுரிமை என்று கூறின. மீன் குறைந்தால் முதலில் கட்டுப்படுத்த வேண்டியவர் வியாபாரியும் பொழுதுபோக்காளரும். குழம்புச் சட்டி கடைசியில். ஆனால் உணவுக்காகப் பிடிப்பவர் யார் என்பதில் வழக்கு வந்தது. நாட்டுப்புறத்தில் வசிப்பவர் மட்டுமே என்று மாநிலம் சொன்னதை 1989-இல் அதன் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. நகரத்தில் வாழும் ஏழைக்கும் வயிறு உண்டல்லவா? அதனால் அங்கே கூட்டாட்சி நிலத்தில் ஒரு விதி, மாநில நிலத்தில் வேறு விதி என்று இன்னும் குழப்பந்தான். இருந்தாலும் அங்கே கேள்வி சரியான வரிசையில் கேட்கப்படுகிறது.

சிங்கப்பூரில் இன்று 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. குறித்த இடங்களில் மட்டும், செயற்கை இரை கொண்டு தூண்டிலிடலாம். வலையும் பொறியும் கூடா. குடிநீரைக் காக்க வந்த விதி அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. பெடோக் படகுத்துறையிலே ஞாயிறன்று வரிசையாக நிற்போரில் பொழுதுபோக்காளர் எத்தனை பேர், இரவுச் சாப்பாட்டுக்குப் பிடிப்போர் எத்தனை பேர் என்று எவரும் பிரித்து எண்ணுவதில்லை. தேக்காச் சந்தை அருகே இருக்கும் ஊரில் அது பெருங்கேள்வியும் அன்று.

பாலத்துக்கு அப்பால் அப்படியில்லை. மலேசிய அரசியலமைப்பில் ஆற்று மீன்பிடிப்பு, ஆமைகளோடு சேர்த்து, மாநில சர்க்கார்களின் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே லைசென்சு யாருக்கு, எந்தக் கருவிக்கு, எந்தப் பருவத்தில் என்ற விதியை வகுப்பது ஜொகூருக்கு ஜொகூர், பேராக்குக்குப் பேராக். ஆற்றுக்கும் குட்டைக்கும் ஒருவருக்கு இத்தனை மீன் என்று அளவு வகுக்கும் நாள் வருமானால், அவ்விதியின் நகலைத் தோட்டத் தொழிலாளரின் சங்கங்களும் நமது மன்றங்களும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். பறி வைப்பதைப் பொறி என்று சேர்த்திருக்கிறார்களா, தூண்டிலுக்குக் கட்டணம் உண்டா, வீட்டுக்குப் பிடிப்பவர் என்று ஒரு பத்தி இருக்கிறதா, இருந்தால் அதில் பெயர் எழுதும் அதிகாரி யார் என்ற நான்கையும் முதலில் பார்க்க வேண்டும்.